இணையத்துக்குக் காவலாளி தேவையா? லிபர்டேரியன்கள் கேட்கும் கேள்வியும், நாம் தேட வேண்டிய பதிலும்

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பொய்ச் செய்தி தீயாய்ப் பரவும்போது, "இதையெல்லாம் தடுக்க ஒரு சட்டமே இல்லையா?" என்று கேட்கிறோம். அடுத்த வாரமே ஒரு கார்ட்டூனோ மீம்ஸோ நீக்கப்பட்டால், "இதைக்கூடப் பேசக் கூடாதா?" என்று கொதிக்கிறோம். ரெண்டு கேள்வியையும் கேட்கிறது ஒரே ஆள்தான். நாமதான்!

இணையம் பொதுமக்கள் கைக்கு வந்த நாளிலிருந்தே உலகம் முழுக்க இந்த இழுபறி நடக்கிறது. இதில் ஒரு தரப்பு மட்டும் 30 வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: "அரசு கையை எடுக்கட்டும், மத்ததை மக்களும் சந்தையும் பார்த்துக்கொள்ளும்." இந்தத் தரப்பின் பெயர் லிபர்டேரியன்கள்.

அந்தப் பதிலை அப்படியே ஏற்க முடியாது. அதற்குக் காரணங்கள் உண்டு. ஆனால், அந்தப் பதிலுக்குப் பின்னால் இருக்கும் கேள்வியைத் தொலைத்துவிட்டால் நஷ்டம் நமக்குத்தான். அது என்ன கேள்வி? வரிசையாகப் பார்க்கலாம்.

யார் இந்த லிபர்டேரியன்கள்?

தமிழில் 'தனிமனித சுதந்திரவாதிகள்' என்று சொல்லலாம். தனிமனிதரின் உயிர், உடைமை, பேச்சு ஆகியவற்றைக் காப்பதோடு அரசின் வேலை முடிந்துவிட வேண்டும். அதற்கு மேல் அது எதில் தலையிட்டாலும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பது இவர்களின் அடிப்படை. இவர்களை இடது, வலது என்று எளிதில் பிரிக்க முடியாது. வரியைப் பற்றிப் பேசினால் வலதுசாரி போலத் தெரிவார்கள். போலீஸ் கண்காணிப்பைப் பற்றிப் பேசினால் இடதுசாரி போலத் தெரிவார்கள். அமெரிக்காவில் கேட்டோ இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு அமைப்பும், 'ரீசன்' பத்திரிகையும் இவர்களின் முக்கியமான குரல்கள்.

இந்தியாவில் இந்தச் சிந்தனைக்குப் பக்கத்தில் வந்தவர் ராஜாஜி. 1959ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வாங்க வேண்டிய நிலையை 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்யம்' என்று சாடியவர். ஆனால் 1937ல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததும் அவரேதான். அதனால் முழு லிபர்டேரியன் என்று சொல்ல முடியாது.

தொழில்நுட்பத்தில் இவர்களின் வாதம் மூன்று வரியில் அடங்கும். ஒன்று, புதிதாக ஒன்றைச் செய்ய யாரிடமும் முன்அனுமதி கேட்கத் தேவையில்லை. தவறு நடந்தால் அப்புறம் வழக்குப் போடுங்கள். இரண்டு, பேச்சுக்குப் பொறுப்பு பேசியவருக்கே, அதைச் சுமந்து போன தளத்துக்கு இல்லை. மூன்று, அரசு போடும் விதிகள் கடைசியில் பெரிய கம்பெனிக்கே லாபமாக முடியும்.

1996: ஒரே சட்டத்தில் கத்தியும் கேடயமும்

1996 பிப்ரவரி 8. அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதற்குள் இணையத்தில் 'அநாகரிகமான' விஷயங்களைச் சிறுவர்கள் பார்க்கும்படி வெளியிட்டால் சிறை என்று சொல்லும் பகுதி ஒன்று இருந்தது. எது அநாகரிகம்? சட்டத்தில் தெளிவு இல்லை.

அன்றைக்கே சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்த ஜான் பெர்ரி பார்லோ என்பவர் கோபத்தோடு ஓர் அறிக்கை எழுதினார். 'சைபர்வெளியின் சுதந்திரப் பிரகடனம்' என்பது அதன் தலைப்பு. அரசுகளுக்கு இந்த உலகத்தில் அதிகாரம் இல்லை என்பது அதன் சாரம். பார்லோ வயோமிங் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை நடத்தியவர், 'கிரேட்ஃபுல் டெட்' இசைக் குழுவுக்குப் பாட்டு எழுதியவர், இணைய உரிமைக்காக இயங்கும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனைத் தொடங்கியவர்களில் ஒருவர். அவருடைய அறிக்கை அன்றைய இணையவாசிகள் மத்தியில் காட்டுத்தீயாகப் பரவியது.

வேடிக்கை என்னவென்றால், பார்லோ எரிச்சலோடு எதிர்த்த அதே சட்டத்துக்குள், இன்றைய இணையத்தை உருவாக்கிய ஒரு பிரிவும் இருந்தது. அதுதான் பிரிவு 230. அது ஏன் வந்தது என்பது சுவாரஸ்யமான கதை.

புராடிஜி என்ற ஆன்லைன் சேவையின் விவாதப் பலகையில், ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம் மோசடி செய்கிறது என்று யாரோ எழுதினார்கள். நிறுவனம் புராடிஜி மீது அவதூறு வழக்குப் போட்டது. 1995ல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னது: "நீங்கள் கெட்ட பதிவுகளை நீக்கி, தளத்தைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் நீங்கள் பத்திரிகை ஆசிரியர் மாதிரி. பொறுப்பும் உங்களுடையதே." அதற்கு நான்கு வருஷம் முன்பு, எதையும் நீக்காமல் விட்டுவைத்த கம்ப்யூசர்வ் என்ற இன்னொரு சேவைக்குப் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பு வந்திருந்தது.

அதாவது, வாசலைப் பெருக்கினால் குப்பைக்கு நீதான் பொறுப்பு. பெருக்காமல் விட்டால் பொறுப்பு இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

(அந்த ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் பின்னாளில் உண்மையிலேயே மோசடி நிறுவனம் என்று நிரூபணமானது. 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்' படம் அந்தக் கம்பெனியின் கதைதான். சொன்னவர் சொன்னது சரி, மாட்டிக்கொண்டது தளம்!)

இந்தக் குளறுபடியைச் சரிசெய்ய குடியரசுக் கட்சியின் கிறிஸ் காக்ஸும், ஜனநாயகக் கட்சியின் ரான் வைடனும் சேர்ந்து கொண்டுவந்ததுதான் பிரிவு 230. பயனர் எழுதியதற்குத் தளத்தை எழுதியவராகக் கருதக் கூடாது. நல்லெண்ணத்தோடு நீக்கினாலும் அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது அது.

1997ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 'அநாகரிகம்' பற்றிய பகுதியை ரத்து செய்தது. 230 நிலைத்தது. ஒரே சட்டத்தில் வந்த கத்தியும் கேடயமும் பிரிந்தன. கத்தி போய், கேடயம் மிஞ்சியது. யூடியூப், பேஸ்புக், விக்கிபீடியா எல்லாமே அந்தக் கேடயத்தின் நிழலில் வளர்ந்தவை.

நம்ம நாட்டுக் கதையும் கிட்டத்தட்ட அதேதான்

2004 நவம்பரில், பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தில் ஒரு பயனர் ஆபாச வீடியோ ஒன்றை விற்பனைக்கு வைத்தார். கைதானவர்களில் அந்தத் தளத்தின் தலைமை நிர்வாகி அவ்னிஷ் பஜாஜும் ஒருவர். சந்தையில் யாரோ திருட்டுப் பொருளை விற்றால் சந்தைக் கட்டடத்தின் சொந்தக்காரரைப் பிடிப்பது மாதிரி என்று தொழில்துறை அதிர்ந்தது.

அந்த அதிர்ச்சியின் விளைவுகளில் ஒன்றுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்துக்கு 2008ல் வந்த திருத்தம். அது பிரிவு 79ஐ வலுப்படுத்தி, இடைத்தளங்களுக்குக் கேடயம் கொடுத்தது. ஆனால் அதே திருத்தம் 66ஏ என்ற கத்தியையும் கொண்டுவந்தது. 'எரிச்சலூட்டும்' வகையில் ஆன்லைனில் எழுதினால்கூட மூன்று ஆண்டு வரை சிறை! எரிச்சல் என்பது யாருக்கு, எவ்வளவு?

2012ல் அதன் கூர்மை தெரிந்தது. அப்போதைய மத்திய நிதி அமைச்சர் ப.சிதம்பரத்தின் மகன் கார்த்தி பற்றி ட்விட்டரில் எழுதிய புதுச்சேரித் தொழில்முனைவோர் ஒருவர் கைதானார். பால் தாக்கரே மறைவை ஒட்டி மும்பை முடங்கியது ஏன் என்று பேஸ்புக்கில் கேட்ட இளம்பெண்ணும், அதற்கு லைக் போட்ட அவருடைய தோழியும் மகாராஷ்டிராவின் பால்கரில் கைதானார்கள். ஒரு லைக்குக்குக் கைது!

2015 மார்ச் 24 அன்று, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 66ஏ பிரிவை ரத்து செய்தது. நீதிபதி நாரிமன் எழுதிய அந்தத் தீர்ப்பு, 1997ன் அமெரிக்கத் தீர்ப்பையும் மேற்கோள் காட்டியது. கூடவே, நீதிமன்ற உத்தரவோ அரசின் முறையான அறிவிக்கையோ வந்தால்தான் தளங்கள் பதிவை நீக்க வேண்டிய கட்டாயம் என்று பிரிவு 79க்கும் விளக்கம் சொன்னது. இங்கேயும் கத்தி போனது, கேடயம் மிஞ்சியது.

ஆனால் ஒன்று. ரத்தான 66ஏ பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது 2021ல் உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தபோது, நீதிபதிகளே அதிர்ந்து போனார்கள். ஒரு தடவை கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அவர்கள் சரியாகக் கணித்த இடம்: பூட்டும் கள்ளச்சாவியும்

லிபர்டேரியன்களின் பலமான வாதம் என்க்ரிப்ஷனில்தான் இருக்கிறது. நீங்கள் அனுப்பும் செய்தியை நீங்களும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாதபடி பூட்டுவதுதான் என்க்ரிப்ஷன்.

1993ல் கிளின்டன் அரசு 'கிளிப்பர்' என்ற சிப்பை முன்வைத்தது. போன் பேச்சு பூட்டப்படும், ஆனால் ஒரு மாற்றுச் சாவி அரசிடம் இருக்கும். அடுத்த வருஷமே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். திட்டம் படுத்துவிட்டது. இன்னொரு பக்கம், 1991ல் பி.ஜி.பி என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்ட ஃபில் ஸிம்மர்மன் மீது, ஆயுத ஏற்றுமதி விதியை மீறினார் என்று விசாரணை நடந்தது. ஆமாம், அன்றைக்கு வலுவான என்க்ரிப்ஷன் ஆயுதப் பட்டியலில் இருந்தது! 1996ல் குற்றச்சாட்டு எதுவும் இல்லாமலே விசாரணை முடிந்தது.

அப்போது இவர்கள் சொன்னது ஒன்றுதான்: நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் கள்ளச்சாவி என்று ஒன்று கிடையாது.

30 வருஷம் கழித்து அது எப்படி முடிந்தது பாருங்கள். அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்கள், நீதிமன்ற உத்தரவு வந்தால் ஒட்டுக்கேட்க வசதி செய்து வைத்திருக்க வேண்டும் என்று 1994லேயே ஒரு சட்டம் வந்தது. 2024ல் 'சால்ட் டைஃபூன்' என்று அழைக்கப்படும் சீன ஹேக்கர்கள் அந்த நிறுவனங்களுக்குள் புகுந்து, நீதிமன்ற உத்தரவுப்படி நடந்த ஒட்டுக்கேட்பு தொடர்பான தகவல்களையும் எடுத்தார்கள். அந்த வருஷம் டிசம்பரில் அமெரிக்க அரசு அதிகாரிகளே, "என்க்ரிப்ட் ஆன ஆப்களைப் பயன்படுத்துங்கள்" என்று மக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். கள்ளச்சாவி வேண்டும் என்று பல வருஷம் கேட்டவர்கள் அதே அரசில்தான் இருந்தார்கள்.

இந்த விவாதத்துக்கு இந்தியாவில் ஒரு முக்கியமான மேடை சென்னை. சமூக வலைதளக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்று 2018ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. விசாரணை மெல்ல நகர்ந்து, "வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?" என்ற இடத்துக்கு வந்தது. முடியும் என்று வழிமுறை சொன்னார் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி.காமகோடி. அந்த வழிமுறையின் பலவீனங்களைச் சுட்டிக்காட்டினார் ஐஐடி மும்பை பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். 2019ல் பேஸ்புக் இந்த வழக்குகளை உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றக் கோரியது. 2021ல் மத்திய அரசின் புதிய விதிகள், முதலில் அனுப்பியவரைக் கண்டறியும் வசதி வேண்டும் என்று பெரிய தளங்களுக்குக் கட்டளையிட்டன. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் போனது. என்க்ரிப்ஷனை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டியிருக்கும் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் சொன்னார்.

வதந்தியால் உயிர் போன நாடு இது. அதனால் அரசின் கவலையைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஆனால் ஒரு வதந்திக்காரரைப் பிடிக்க, எல்லோர் வீட்டுப் பூட்டையும் தளர்த்தச் சொல்வது என்ன கணக்கு என்பதே கேள்வி.

இணையத்தையே மொத்தமாக அணைப்பது இன்னொரு உதாரணம். 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் பலியான அடுத்த நாள், தூத்துக்குடி, நெல்லை, குமரி என மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவர் தேட வேண்டிய நேரத்தில் போன் வெறும் கல்லாகிப்போனது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் போன 4ஜி, 2021 பிப்ரவரியில்தான் முழுமையாகத் திரும்பியது. ஸ்விட்ச் யார் கையில் இருக்கிறது என்று லிபர்டேரியன்கள் கேட்பது இதனால்தான்.

அவர்கள் தடுமாறும் இடம்: காவலாளி கம்பெனிக்காரராக இருந்தால்?

சரி, ஸ்விட்ச் அரசு கையில் இல்லாமல் ஒரு கம்பெனி கையில் இருந்தால்? இங்கேதான் இவர்களின் குரல் கம்மிப் போகிறது.

2015ல் பேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸோடு சேர்ந்து தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களில் ஓர் இலவச இணையச் சேவையைத் தொடங்கியது. பின்னாளில் அதற்கு 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பெயர் மாறியது. டேட்டா கட்டணம் இல்லை, ஆனால் பேஸ்புக்கின் நிபந்தனைகளுக்கு உட்பட்ட தளங்களை மட்டுமே பார்க்கலாம். ஏழைக்கு ஒண்ணும் இல்லாததுக்கு இது தேவலாம்தானே என்பது ஒரு வாதம். ஓசிச் சோறு சரி, மெனுவை யார் முடிவு பண்றது என்பது எதிர்வாதம்.

இணைய சமவாய்ப்பு கேட்டு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8 அன்று ட்ராய், தளத்துக்குத் தளம் டேட்டா விலையை மாற்றக் கூடாது என்று தடை போட்டது. தேதியைக் கவனித்தீர்களா? பார்லோவின் பிரகடனத்துக்குச் சரியாக 20 வருஷம் கழித்து. அங்கே "அரசே வெளியேறு" என்று எழுதிய அதே நாளில், இங்கே "கம்பெனியிடமிருந்து காப்பாற்று" என்று மக்கள் கேட்டதற்கு ஓர் அரசு அமைப்பு பதில் சொன்னது.

பேஸ்புக் இயக்குநர் குழுவில் இருந்த முதலீட்டாளர் மார்க் ஆண்ட்ரீசன், காலனிய எதிர்ப்பு மனநிலையால் இந்தியா பொருளாதாரத்தில் கெட்டுப்போனது என்ற பொருளில் ட்வீட் போட்டு, கண்டனம் வந்ததும் அழித்து மன்னிப்புக் கேட்டார். சுதந்திரம் பற்றிப் பேசுகிறவருக்கு, நம் சுதந்திரப் போராட்டம் ஏன் நடந்தது என்பது பிடிபடவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை தரைமட்டமானது. ஏழைகளுக்கு இணையம் கிடைத்தது, அதுவும் முழு இணையம். "பார்த்தீர்களா, வேலை செய்தது போட்டிதான், விதி இல்லை" என்கிறார்கள் லிபர்டேரியன்கள். பாதி உண்மை. விலையைக் குறைத்தது போட்டி. வந்த இணையம் வெட்டி ஒட்டிய இணையமாக இல்லாமல் பார்த்துக்கொண்டது விதி. அந்தப் போட்டியும் நிலைக்கவில்லை. விலைப் போரில் பல நிறுவனங்கள் காணாமல் போய், இன்று ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என்று நான்கு பேர்தான் மிச்சம். 2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தியபோது, நம்மில் எத்தனை பேருக்கு மாறிப்போக இடம் இருந்தது?

அமெரிக்காவில் இதே விஷயம் பந்தாட்டமாக நடந்தது. இணைய சமவாய்ப்பு விதியை அந்நாட்டு ஆணையம் 2015ல் கொண்டுவந்தது. டிரம்ப் ஆட்சியில் 2017ல் நீக்கியது. பைடன் ஆட்சியில் 2024ல் மீண்டும் கொண்டுவந்தது. மூன்று தடவையும் ஓட்டு 3க்கு 2. 2025 ஜனவரியில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2017ல் "இணையமே செத்துவிடும்" என்று சொன்னவர்களின் கணிப்பு பலிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

பெரிய கம்பெனி ஏன் விதி கேட்கிறது?

2019 மார்ச்சில் மார்க் ஸக்கர்பெர்க் வாஷிங்டன் போஸ்ட்டில் ஒரு கட்டுரை எழுதினார். இணையத்துக்குப் புதிய விதிகள் வேண்டும் என்று கேட்டது அந்தக் கட்டுரை. புலி ஏன் கூண்டு கேட்கிறது?

லிபர்டேரியன்களின் விளக்கம் இது: ஆயிரக்கணக்கில் வழக்கறிஞர்களையும் கண்காணிப்பு ஊழியர்களையும் வைத்திருக்கும் கம்பெனிக்கு விதி ஒரு செலவு மட்டுமே. கோயம்புத்தூரில் ஐந்து பேரோடு ஆப் தொடங்கும் ஸ்டார்ட்அப்புக்கு அது ஒரு சுவர். ஐரோப்பாவில் 2018ல் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, ஏராளமான சிறு ஆப்கள் கூகுள் பிளே ஸ்டோரை விட்டு வெளியேறியதைப் பொருளாதார ஆய்வுகள் காட்டின. அந்தரங்கத்துக்குப் பாதுகாப்புக் கிடைத்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது.

நம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் நிறைவேறி, அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. இதில் லிபர்டேரியன்கள் சுட்டும் ஓட்டை இன்னும் பெரியது. அரசு, தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அந்தச் சட்டமே வழி தருகிறது. உங்கள் தரவை டெலிவரி ஆப் தவறாகப் பயன்படுத்தினால் அபராதம். விலக்குப் பெற்ற அரசு அமைப்பு பயன்படுத்தினால்?

கஷ்டமான பரீட்சை: ஆன்லைன் ரம்மி

வயது வந்த ஒருவர் தன் காசைத் தன் போனில் வைத்து விளையாடுகிறார். உனக்கென்ன என்பது லிபர்டேரியன் கேள்வி. தமிழ்நாட்டில் இதற்குப் பதில் சொல்வது எளிது. கடனில் மூழ்கி உயிரை விட்டவர்களின் செய்திகள் நம் நாளிதழ்களில் தொடர்ந்து வந்தன. தோற்றது அவர் காசு மட்டும் இல்லை, மனைவியின் நகையும் பிள்ளையின் ஃபீஸும்கூட. இந்தப் பாதிப்பை 'அவரவர் தேர்வு' என்ற சொல்லுக்குள் அடக்க முடியாது.

ஆனால் எப்படித் தடுப்பது? தமிழ்நாட்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் சூதாட்டம் என்று முழுதாகத் தடுத்ததை, அவை திறமை விளையாட்டுகள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஒழுங்குபடுத்த மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்றது. அதன்படி 2025ல் நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை விளையாட முடியாது, ஆதார் சரிபார்ப்பு கட்டாயம் போன்ற விதிமுறைகள் வந்தன. அவற்றை அதே நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதி செய்தது. இரண்டே மாதத்தில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுகளையும் நாடு முழுக்கத் தடை செய்தது.

வேலி போடுவதும், வாசலையே சுவர் வைத்து அடைப்பதும் ஒன்றல்ல. வேலி பலன் தருகிறதா என்று பார்க்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. தடையால் ஆட்டம் நிற்குமா, வெளிநாட்டுத் தளங்களுக்கும் டெலிகிராம் குழுக்களுக்கும் மாறுமா என்று லிபர்டேரியன்கள் கேட்பது, அந்தக் குடும்பங்களின் மேல் அக்கறை உள்ளவர்களும் கேட்க வேண்டிய கேள்விதான்.

இப்போது ஏன் இது அவசரம்?

ஏனென்றால் ஷ்ரேயா சிங்கால் தந்த கேடயம் மெலிந்துகொண்டிருக்கிறது. 2024 அக்டோபரில் மத்திய உள்துறை 'சஹ்யோக்' என்ற இணையவாசலைத் தொடங்கியது. மத்திய, மாநில அரசு அமைப்புகள் அதன் வழியாக, பதிவுகளை நீக்கும்படி தளங்களுக்கு நேரடியாகச் சொல்லலாம். பழைய முறையான பிரிவு 69ஏயில் ஒரு குழு பரிசீலிக்க வேண்டும், காரணத்தை எழுத வேண்டும். சஹ்யோகில் அந்தப் படிகள் இல்லை என்று எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றம் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று மனு தள்ளுபடியானது. அடுத்த மாதம் மத்திய அரசே விதியைத் திருத்தி, இணைச் செயலர் அல்லது காவல்துறை டிஐஜி நிலைக்குக் குறையாத அதிகாரிதான் உத்தரவிடலாம், மாதா மாதம் மறுஆய்வு வேண்டும் என்று சேர்த்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் பதிவு போட்டவரிடம் கேட்க வேண்டும் என்று இன்னும் சொல்லவில்லை.

பழைய முறையும் பொற்காலம் இல்லை. 2025 பிப்ரவரியில் பிரதமர் பற்றிய ஒரு கார்ட்டூனை ஒட்டி விகடன் இணையதளம் முழுவதும் முடக்கப்பட்டது. ஒரு படத்துக்காக ஒரு தளமே போனது. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் படத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கலாம் என்று உத்தரவிட்டது. பெரிய நிறுவனம், நீதிமன்றம் போக முடிந்தது. இரண்டாயிரம் ஃபாலோயர் உள்ள ஒருவரால் முடியுமா?

அரசைப் பற்றிய செய்தி பொய்யா என்று அரசே தீர்மானிக்கும் 'உண்மை சரிபார்ப்புப் பிரிவு' பற்றிய விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்ததும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஆட்டக்காரரே அம்பயராக இருக்க முடியாது.

அப்போ நாம எந்தப் பக்கம்?

பார்லோவின் கனவு பலிக்கவில்லை. அரசு வெளியேறவில்லை. அரசு இல்லாத இடத்தில் கம்பெனிகள் அரசாகின. அதனால் விதியே வேண்டாம் என்பது பதில் ஆகாது. அதே சமயம், நமக்குப் பிடித்த நோக்கம் என்பதற்காக எந்த விதிக்கும் தலையாட்டுவதும் ஆகாது. எதிர்த்தரப்பின் வாயை அடைக்க இன்று கைதட்டி வாங்கும் சட்டம், ஆட்சி மாறினால் நம் பக்கம் திரும்பும். 66ஏ வந்தது ஒரு கூட்டணியின் ஆட்சியில். அதை உச்ச நீதிமன்றத்தில் தாங்கிப் பேசியது அடுத்து வந்த ஆட்சி.

இனி புதிதாக ஓர் இணைய விதி வரும்போதெல்லாம், அது டீப்ஃபேக் பற்றியோ சிறுவர் பாதுகாப்பு பற்றியோ, நான்கு விஷயங்களைக் கேளுங்கள்:

எது குற்றம் என்று சாதாரண ஆளுக்குப் படித்தாலே புரிகிறதா? 'எரிச்சல்', 'அநாகரிகம்' மாதிரியான சொற்கள் இருந்தால் உஷார்.

முடிவு எடுப்பவர் யார், அந்த முடிவை மாற்றக்கூடிய சுதந்திரமான இடம் ஒன்று இருக்கிறதா?

பாதிக்கப்படுபவருக்குத் தகவல் வருமா, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு உண்டா? இதை அரசிடம் மட்டும் இல்லாமல், காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கும் கம்பெனியிடமும் கேட்க வேண்டும்.

ஐந்து பேர் கம்பெனியால் இந்த விதியைப் பின்பற்ற முடியுமா, அல்லது பெரிய தலைகள் மட்டும்தான் மிஞ்சுவார்களா?

முதல் இரண்டும் லிபர்டேரியன்கள் பல வருஷமாகக் கேட்டுவருபவை. நான்காவதும் அவர்களுடையதே. மூன்றாவது கேள்வியைக் கம்பெனிகளிடமும் கேட்பதில்தான் நாம் அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. அடுத்த வரைவு விதி மின்னணு அமைச்சகத்தின் தளத்தில் வெளியாகும்போது, கருத்துச் சொல்ல நமக்கு ஓரிரு வாரம்தான் கிடைக்கும். 2015ல் ட்ராய்க்கு மெயில் அனுப்பிய 10 லட்சம் பேரில் பெரும்பாலோர் உங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டு, போனைக் கையில் வைத்திருந்தவர்கள்தான். அன்றைக்கு அந்த மெயில் வேலை செய்தது.